1970 ஃபோக்ஸ்வாகன் டி2 பிக்கப்: வீட்டுக் கராஜில் திருத்துகிறேன், கறளும் (துரு) காற்றும்தான் இப்போதைக்குத் தலையிடி

ரூர்க்கரையான் | டோர்ட்முண்ட்

எல்லோருக்கும் வணக்கம். கனகாலமாகத் தேடிய வண்டி ஒருவழியாகக் கராஜுக்கு வந்துவிட்டது. ஃபோக்ஸ்வாகன் டி2 பிக்கப், அதாவது ஃபோக்ஸ்வாகனின் இரண்டாம் தலைமுறை வேனின் பாரம் ஏற்றும் வடிவம், ஒற்றைக் கேபின். பின் தட்டின் மூன்று பக்கப் பலகையையும் விழுத்தலாம். சாசி இலக்கம் 260 என்று தொடங்குகிறது. 26 என்றால் பிக்கப், அடுத்த 0 என்றால் 1970 மாடல், அதாவது 1969 ஓகஸ்டுக்கும் 1970 ஜூலைக்கும் இடையில் கட்டியது. அடுத்த வருட மாடலில் முன்னுக்கு டிஸ்க் பிறேக் வந்துவிட்டது, சக்கர போல்ட் வட்டமும் 112 மிமீ ஆகிவிட்டது. என்னுடையதில் நாலு பக்கமும் டிரம்தான், போல்ட் வட்டம் 205.

எஞ்சின் 1600 சிசி, 47 குதிரைவலு. ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை. பின்னுக்கு நிற்கிற விசிறி தள்ளுகிற காற்றும் இரண்டரை லீற்றர் எண்ணெயும்தான் அதைக் குளிராக்க வேண்டும். ஒரு தோட்டக்காரரின் கொட்டிலில் நெடுநாள் நின்ற வண்டி. மேலுக்குப் பார்க்க நன்றாக இருக்கிறது. இடப்பக்கக் கதவுக்குக் கீழே உள்ள சில் தகட்டில் ஸ்க்ரூட்ரைவரை வைத்து அழுத்தினேன், பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. தட்டுக்குக் கீழே இருக்கிற பெட்டகத்தின் அடித்தகடும் அநேகமாக இல்லை.

இதைக் கண்காட்சிக்கு நிறுத்தும் எண்ணம் எனக்கு இல்லை. ஒரு தொன் பாரம் ஏற்ற என்று செய்த வண்டி இது. மரம், மண், சிமெந்து ஏற்ற வேண்டும். ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் திருவிழாவுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அதனால் என் ஒழுங்கு இது: முதலில் அடிச்சட்டமும் சில் தகடும், அடுத்து பிறேக், அப்புறம் எஞ்சினும் அதற்குக் காற்றுப் போகும் பாதையும், பெயின்ற் கடைசி. பெயின்ற் முதலில் அடித்துப் படம் எடுத்துப் போடுகிறவர்களைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

இப்போதைக்கு இரண்டு கேள்வி. எஞ்சின் கையால் சுற்றினால் சுழலுகிறது. ஆனால் கிராங்க் புல்லியை இரண்டு கையாலும் பிடித்து முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளினால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. இது சரிப்படுத்தக் கூடியதா? மற்றது, கறளை எங்கே இருந்து வெட்டத் தொடங்குவது?

லேத்மணி | கோயம்புத்தூர்

தம்பி, அந்த 'டக்'தான் முக்கியம். மற்றதெல்லாம் அப்புறம். அதற்குப் பெயர் எண்ட் பிளே, கிராங்க் (எஞ்சினின் சுழல் தண்டு) நீளவாக்கில் நகர்கிற அளவு. இந்த எஞ்சினில் அது 0.07 முதல் 0.13 மிமீக்குள் இருக்கவேண்டும், 0.15 தாண்டினால் பிரிக்கவேண்டும். 0.10 மிமீ நகர்வது யாருடைய கைக்கும் சரியாகத் தெரியாது. சத்தமே கேட்கிறது என்றால் எல்லை தாண்டி நாளாகிவிட்டது என்று அர்த்தம். டயல் கேஜ் வைத்துப் பார்த்துவிடுங்கள், ஊகம் வேண்டாம்.

இனி இரண்டு வழி. ஃப்ளைவீலுக்குப் பின்னால் மூன்று ஷிம் வளையம் இருக்கும். கனம் மாற்றிப் போட்டால் அளவு சரியாகிவிடும். சிலர் அதோடு மூடிவிடுவார்கள். ஆனால் கிராங்கின் தள்ளுவிசையைத் தாங்குவது ஃப்ளைவீல் பக்கத்து முதல் மெயின் பேரிங். அது கேஸுக்குள் (எஞ்சினின் வெளிக்கூடு) லூசாகி ஆடுகிறது என்றால் எத்தனை ஷிம் போட்டாலும் கொஞ்ச தூரத்திலேயே திரும்பவும் 'டக்'. கேஸைப் பிளந்து பேரிங் உட்காரும் இடத்தைப் பார்க்கவேண்டும். அடி வாங்கிப் பளபளவென்று அலை அலையாக இருந்தால் லைன் போரிங் (பேரிங் உட்காரும் துளைகளை ஒரே கோட்டில் கடைவது) செய்து ஓவர்சைஸ் பேரிங் போடவேண்டும். ஏற்கெனவே ஒருமுறை போரிங் ஆன கேஸா என்று பேரிங்கின் முதுகில் அடித்திருக்கும் சைஸைப் பார்த்தால் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. இந்த கேஸ் மெக்னீசியம் கலவை. அதில் டிரில் போட்ட தூளையும் சீவலையும் வெல்டிங் நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஊற்றினால் இன்னும் மோசமாகும். காய்ந்த மணல் ஒரு வாளி பக்கத்தில் இருக்கட்டும்.

எங்கள் பட்டறைக்கு வருவது பெரும்பாலும் லாம்ப்ரெட்டா, பழைய ஸ்கூட்டர், எப்போதாவது ஒரு பீட்டில். விசிறி, அதைச் சுற்றித் தகட்டுக் கவசம், சிலிண்டரில் செதில். தத்துவம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஸ்கூட்டரில் அந்தக் கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டி, பிஸ்டன் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை வருடக்கணக்காகப் பார்க்கிறேன். உங்கள் வண்டியில் ஒரு துண்டுத் தகடு குறைந்தாலும் போடாமல் விடாதீர்கள்.

தகரம் | ஷ்டுட்கார்ட்

பாடி வேலை என் தொழில், அதனால் இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன்.

முதலில், எதையும் வெட்டாதீர்கள். வண்டி இப்போது எப்படி நிற்கிறதோ அப்படியே அளவெடுங்கள். இரண்டு கதவையும் சாத்தி, கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று எழுதி வையுங்கள். அடியில் மூலைக்கு மூலை நாடா பிடித்துப் பாருங்கள். இந்த வண்டியில் சில் என்பது அழகுத் தகடு கிடையாது. உள், நடு, வெளி என்று மூன்று அடுக்கு. அதுதான் கதவுத் தூணை அடிச்சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கிறது. அதை வெட்டியவுடன் கேபின் தொங்கும். தொங்கிய நிலையில் புதுத் தகடு வைத்து ஒட்டினால் பிறகு எத்தனை பேர் சேர்ந்து இழுத்தாலும் கதவு சரியாக மூடாது. ஆகவே கதவு வாசலுக்குள் குறுக்கே சதுரக் குழாய் வைத்துத் தற்காலிகமாக ஒட்டுங்கள். ஒரு பக்கம் முழுதாக முடிந்த பிறகு மறுபக்கத்தைத் தொடுங்கள்.

டி2 பிக்கப்பில் நான் முதலில் பார்க்கும் இடங்கள்: ஜாக்கி வைக்கும் இடம், அதிலிருந்து சட்டத்துக்கு ஓடும் குறுக்குக் கைகள், பேட்டரி உட்காரும் தட்டு, முன் கண்ணாடி ரப்பருக்குக் கீழே உள்ள உதடு, முன்மூக்கின் அடிப்பகுதி, கேபின் தரையில் பெடலைச் சுற்றி. பிக்கப்புக்கே உரிய நோய் தட்டில் இருக்கிறது. தட்டின் மேல் நீளவாக்கில் மரச் சட்டங்கள் திருகியிருக்கும். மழைநீர் அந்தச் சட்டத்துக்கும் இரும்புக்கும் நடுவில் நின்று, திருகுத் துளை வழியாகக் கீழே பெட்டகத்துக்குள் சொட்டும். பெட்டகக் கதவு மூடியே கிடப்பதால் உள்ளே காய்வதில்லை. உங்கள் பெட்டகத்தின் அடித்தகடு போன காரணம் அதுதான். மேலே தட்டைச் சரிசெய்யாமல் கீழே புதுத் தகடு போட்டால் அதுவும் போகும். மரச் சட்டங்கள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். திருகு வராது, தலையை அரைத்து எடுங்கள்.

வெல்டிங்குக்கு மிக் மெஷின், 0.6 மிமீ கம்பி. தகடு சுமார் 1 மிமீ கனம். தொடர்ந்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள், தகடு வளையும். இங்கே ஒரு புள்ளி, ஒரு கை தள்ளி ஒரு புள்ளி, திரும்பி வந்து நடுவில் ஒன்று. தொழிற்சாலையில் ஸ்பாட் வெல்ட் இருந்த இடத்தில் மேல் தகட்டில் துளை போட்டு நிரப்பி ஒட்டுங்கள். துருவின் மேல் தகடு போர்த்தி ஒட்டுவது மட்டும் கூடாது. டியூவ் (வாகனத் தகுதிச் சோதனை) பரிசோதகர் தட்டிப் பார்த்தாலே கண்டுபிடிப்பார், அவர் கண்டுபிடிக்காவிட்டாலும் நடுவில் மாட்டிய ஈரம் விடாது. வெல்டிங்குக்கு முன் பேட்டரி, பெட்ரோல் டாங்க் இரண்டும் வண்டிக்கு வெளியே. கண்ணாடியை மூடிவிடுங்கள், கிரைண்டர் பொறி கண்ணாடியில் பதிந்தால் எடுக்கவே முடியாது.

எல்லாம் ஒட்டி, எபாக்சி பிரைமர் அடித்த பிறகு சில்லுக்குள்ளும் சட்டத்துக்குள்ளும் நீளக் குழாய் விட்டு மெழுகு பீய்ச்சுங்கள். நல்ல வெயில் நாளில் செய்தால் மெழுகு இளகி மூலை முடுக்கெல்லாம் போகும். வடிகால் துளைகளை அடைத்துவிடாதீர்கள்.

மின்வண்டி | சென்னை

இவ்வளவு பாடுபட்டு அதே 47 குதிரைவலு எஞ்சினைத் திரும்பப் போடவேண்டுமா? நிறையப் பேர் சுபாரு எஞ்சின் போடுகிறார்கள். இல்லையென்றால் மின்மோட்டார். 2020இல் ஃபோக்ஸ்வாகனே ஒரு 1966 டி1 வண்டியில் 83 குதிரைவலு மின்மோட்டார் போட்டுக் காட்டியது. கேஸ், லைன் போரிங், காற்றுத் தகடு எந்தப் பிரச்சினையும் இல்லையே.

கொம்பியக்கா | மெல்பேர்ன்

மின்வண்டி, எஞ்சினும் கேஸும் ஏற்கெனவே போய்விட்ட வண்டிக்கு நீங்கள் சொல்வது நல்ல யோசனை. எனக்கு அதில் எதிர்ப்பு இல்லை. ஆனால் இந்தத் தம்பியிடம் சுழலும் எஞ்சின் இருக்கிறது. சுபாரு போட்டால் ரேடியேட்டர், முன்னால் இருந்து பின்னால் வரை தண்ணீர்க் குழாய், அதற்கெல்லாம் அடியில் இடம் வெட்டவேண்டும். தண்ணீரே இல்லாமல் ஓடும் வண்டியை எதற்காகத் தேடி வாங்குகிறோம்? இங்கே கோடையில் 40 டிகிரி தாண்டும். என் டி2 காற்றில்தான் ஓடுகிறது, சூடாகி நின்றதில்லை. காரணம் காற்றுப் பாதை முழுதாக இருப்பது. தம்பி, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காற்று பின்பக்கம் இரு புறமும் உள்ள துளைகள் வழியாக எஞ்சின் அறைக்குள் வருகிறது. விசிறி அதை இழுத்துத் தகட்டுக் கவசத்துக்குள் தள்ளுகிறது. அங்கிருந்து சிலிண்டர்களின் செதிலுக்குள் புகுந்து சூட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. எஞ்சினுக்கு மேலே குளிர்ந்த காற்று, கீழே சூடான காற்று, இரண்டும் சேரவே கூடாது. அதைப் பிரிப்பது எஞ்சினைச் சுற்றியுள்ள தகடும், அந்தத் தகடு வண்டியோடு சேரும் இடத்தில் உள்ள ரப்பரும். அந்த ரப்பர் பத்து விரற்கடை கிழிந்திருந்தால்கூட, கீழே போன சூடான காற்றையே விசிறி மறுபடி உறிஞ்சும். ஸ்பார்க் பிளக் வயரைச் சுற்றியுள்ள சின்ன ரப்பர் மூடிகளும் அதற்குத்தான், அவற்றை யாரும் வாங்குவதில்லை, விலையோ அற்பம்.

அப்புறம் தெர்மோஸ்டாட். வலப்பக்கச் சிலிண்டர்களுக்குக் கீழே சுருக்கு மடிப்பு போட்ட ஒரு பித்தளைக் குமிழ் இருக்கும். சூடேறினால் நீளும், ஒரு கம்பி வழியாகக் கவசத்துக்குள் உள்ள தடுப்புத் தகடுகளைத் திறக்கும். பழைய மெக்கானிக்குகள் பலர் இதை வெட்டி எறிந்திருப்பார்கள். எப்போதும் திறந்தே இருந்தால் நல்லதுதானே என்பது அவர்கள் நினைப்பு. ஜெர்மனியின் குளிரில் எஞ்சின் சூடேற நேரம் பிடித்தால் தேய்மானம் அத்தனையும் அந்த நேரத்தில்தான். தவிர, அந்தத் தடுப்புத் தகடுகள் காற்றைச் சரியான பக்கம் திருப்பவும் செய்கின்றன. தகடுகளையே கழற்றிவிட்டால் காற்று தன் இஷ்டத்துக்குப் போகும்.

உங்கள் 1970 எஞ்சினில் ஒரு பலவீனம் உண்டு. எண்ணெய்க் குளிர்விப்பான் கவசத்துக்குள்ளேயே, மூன்றாம் சிலிண்டருக்கு மேலே நிற்கிறது. எண்ணெயின் சூட்டை வாங்கிய காற்றுதான் மூன்றாம் சிலிண்டருக்குக் கிடைக்கும். அந்தச் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு முறிந்து எஞ்சின் போன கதைகள் ஏராளம். 1971 மாடலில் குளிர்விப்பானைத் தள்ளி வைத்து அதற்குத் தனிக் காற்று வழி கொடுத்தார்கள். அந்தக் கவசத்தையும் விசிறியையும் உங்கள் எஞ்சினில் மாட்டலாம். நீங்கள் பாரம் ஏற்றப் போவதால் நான் மாட்டச் சொல்வேன். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

இன்னொன்று, பெல்ட். விசிறி டைனமோவின் தண்டிலேயே இருக்கிறது, இரண்டையும் சுற்றுவது ஒரே பெல்ட். ஓடும்போது டேஷ்போர்டில் சிவப்பு சார்ஜ் விளக்கு எரிந்தால் அதை பேட்டரி எச்சரிக்கை என்று நினைத்து வீடு வரை ஓட்டக் கூடாது. பெல்ட் அறுந்திருக்கலாம், அப்படியென்றால் குளிரும் காற்று நின்றுவிட்டது. உடனே ஓரங்கட்டி அணைக்கவேண்டும். ஒரு உபரி பெல்ட்டும், டைனமோ புல்லியைக் கழற்ற ஸ்பேனரும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். பெல்ட்டின் இறுக்கம் புல்லியின் இரண்டு பாதிகளுக்கு நடுவில் உள்ள வளையங்களை எடுத்தும் சேர்த்தும் சரிசெய்வது. விரலால் அழுத்தினால் ஒன்றரை செமீ இறங்கவேண்டும்.

ரூர்க்கரையான் | டோர்ட்முண்ட்

அக்கா, மணி அண்ணை, தகரம் அண்ணை, மூவருக்கும் நன்றி. எஞ்சினைக் கழற்றியாயிற்று. இந்த மாடலில் பின் பம்பருக்கு மேலே உள்ள தகட்டைத் திருகு கழற்றி எடுத்துவிடலாம் என்பது பெரிய வசதி. பிறகு கியர்ப்பெட்டியோடு பிடித்திருக்கும் நாலு இடமும் பின்தாங்கியும்தான். நூறு கிலோவுக்கு மேல் எடை, இரண்டு பேர், ஒரு சக்கரம் வைத்த ஜாக்கி.

அக்கா சொன்னது அச்சொட்டாக இருக்கிறது. தெர்மோஸ்டாட் இல்லை, கம்பியை யாரோ வெட்டியிருக்கிறார்கள். தடுப்புத் தகடுகள் இல்லை. சிலிண்டர்களுக்கு இடையில் கீழே இருக்கவேண்டிய வளைதகடுகளும் இல்லை. ரப்பர் தொட்டால் உதிருகிறது. மூன்றாம் சிலிண்டரின் செதில்களுக்குள் எலிக்கூடு, வைக்கோலும் எண்ணெயும் சேர்ந்து இறுகிப் போயிருந்தது. மற்ற மூன்று சிலிண்டரும் துப்புரவாக இருந்தன. டயல் கேஜில் 0.4 மிமீக்கு மேல் காட்டியது. கேஸைப் பிளக்கத்தான் வேண்டும்.

ஹீட்டர் பெட்டிகளும் போய்விட்டன. கேபினுக்குச் சூடு வருவது எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றி ஓடும் விசிறிக் காற்றில் இருந்து. குழாயில் ஓட்டை விழுந்தால் புகை நேரே கேபினுக்குள் வரும், கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை. எனவே புதிது வாங்கத்தான் வேண்டும். வாங்கும் வரைக்கும் வெறும் குழாய் மாட்டினால் கவசத்தில் ஹீட்டருக்குப் போகும் இரண்டு வாயையும் அடைக்க வேண்டும் என்பதையும் பார்த்தேன், இல்லாவிட்டால் எஞ்சினுக்கான காற்று வீணே போகும்.

வேறொரு விஷயம். வலக்கதவில் மேல் பெயின்ற் எங்கும் உரிந்துகொண்டு வந்தது. 800 உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தேன். மேலே இருந்த வெள்ளை போக, கீழே தொழிற்சாலைச் சாம்பல், எல்345 லிஷ்ட்கிராவ். அதன்மேல் கடும்நீலத்தில் தூரிகையால் எழுதிய எழுத்து. ஒரு பெயின்ற் வேலைக்காரரின் கடைப்பெயர், கீழே தெரு, அதற்குக் கீழே நாலே இலக்கத்தில் தொலைபேசி எண். எழுத்தின் ஓரங்களில் தூரிகை மயிர் இழுத்த கோடு தெரிகிறது. ஒரு எழுத்தின் வயிற்றுப் பகுதியில் நீலம் கொஞ்சம் வடிந்து உறைந்திருக்கிறது. தொழிலே பெயின்ற் என்பவர் தன் வண்டிக்குத் தானே எழுதியிருக்க வேண்டும்.

முழு வண்டிக்கும் புதுச் சாம்பல் அடிப்பதாக இருந்தேன். இப்போது மனம் வரவில்லை. உங்கள் கருத்து என்ன?

நல்லூரான் | ஸ்கார்பரோ

தம்பி, நான் யாழ்ப்பாணத்தில் கராஜில் வேலை பழகினவன். எங்களிடம் வந்த வாகனம் புதுப் பெயின்ற்றோடு போனால்தான் உரிமையாளர் காசு தந்தார். என் கருத்து நேரானது: அடி. பாதிப் பக்கம் புதுத் தகடு, பாதிப் பக்கம் பழைய பெயின்ற் என்றால் வண்டி ஒட்டுப் போட்ட மாதிரித்தான் தெரியும். நீ இவ்வளவு கஷ்டப்பட்டு வெல்டிங் செய்கிறாய், அதைக் காப்பாற்றுவது பெயின்ற்தான். எழுத்தைப் படமெடுத்து அளவு வைத்துக்கொள், பிறகு ஒரு எழுத்துக்காரரைக் கொண்டு அப்படியே எழுதுவிக்கலாம்.

தகரம் | ஷ்டுட்கார்ட்

நல்லூரான் ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். நான் பெயின்ட் அடித்துச் சம்பளம் வாங்குகிறவன், இருந்தும் சொல்கிறேன், அந்தக் கதவைத் தொடக் கூடாது. திரும்ப எழுதினால் அது நகல். அந்த நீலம் வடிந்த இடம் நகலில் வராது.

பிக்கப்கள் ஏன் இவ்வளவு குறைவாக மிஞ்சியிருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். 1952இல் முதல் பிக்கப் வந்தது. வேன் வந்து இரண்டு வருடம் கழித்து. தட்டு சமமாக இருக்கவேண்டும் என்பதற்காக டாங்கின் இடம், உபரிச் சக்கரத்தின் இடம், காற்றுத் துளை எல்லாவற்றையும் மாற்றினார்கள். கொத்தனார், தோட்டக்காரர், பெயின்டர் வாங்கினார்கள். செங்கல் ஏற்றினார்கள், துருப்பிடித்ததும் இரும்புக் கடைக்கு அனுப்பினார்கள். வேனையாவது குடும்பங்கள் விடுமுறைக்கு வைத்திருந்தன, பிக்கப்பை யாரும் வைத்திருக்கவில்லை. அமெரிக்காவுக்கு 1964இலிருந்து சிறு டிரக்குகளுக்கு 25 விழுக்காடு இறக்குமதி வரி, ஆகவே அங்கேயும் அதிகம் போகவில்லை. இப்படி மிஞ்சிய ஒன்றில், அதை ஓட்டியவரின் கையெழுத்தும் மிஞ்சியிருக்கிறது. எந்தக் கடையில் கொடுத்தாலும் எல்345 கலக்கிக் கொடுப்பார்கள், அந்தக் கையெழுத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

தொழில் ரீதியாக இதைச் செய்யலாம். வெல்ட் செய்த கீழ்ப்பகுதிகள், சில், மூக்கின் அடி, பெட்டகம், தட்டு, இவற்றுக்கு முறையாக பிரைமரும் சாம்பலும். கதவு, கேபினின் மேல்பாகம், கூரை, பக்கப்பலகை இவற்றில் மேல் வெள்ளையை மட்டும் எடுத்து, பழைய சாம்பலை மெருகிட்டு விடலாம். புதுச் சாம்பலில் பளபளப்பைக் கொஞ்சம் குறைத்துக் கலக்கச் சொன்னால் ஒட்டுத் தெரியாது. எல்லையைத் தகட்டின் மடிப்பில் வையுங்கள், நடுத்தகட்டில் வைக்காதீர்கள். எழுத்தின் மேல் வார்னிஷ் அடிக்காதீர்கள், மெழுகு போதும். வார்னிஷ் பின்னாளில் உரிந்தால் எழுத்தையும் கொண்டு போகும்.

நல்லூரான் | ஸ்கார்பரோ

மடிப்பில் எல்லை வைக்கலாம் என்பது நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எச் தகடு (ஜெர்மனியில் பழைய வாகனங்களுக்கான இலக்கத்தகடு) கிடைக்குமா? பழைய பெயின்ற்றைக் கண்டு பரிசோதகர் திருப்பி அனுப்பினால்?

ரூர்க்கரையான் | டோர்ட்முண்ட்

ஐயா, 30 வயது கடந்த வண்டிக்குத்தான் எச் தகடு, வருட வரி 191.73 யூரோ, எந்த எஞ்சினாக இருந்தாலும் அதே தொகை. வண்டி பாதுகாக்கத் தகுந்த நிலையில் இருக்கிறதா, அந்தக் காலத்துப் பாகங்களோடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கறள் ஓட்டை இருக்கக் கூடாது. வயதான, ஆனால் முழுதாக இருக்கும் பெயின்ற் தடை இல்லை என்று எங்கள் ஊர்ப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்தேன். 1971 மாடல் காற்றுக் கவசமும் பிரச்சினை இல்லை, அடுத்த வருடமே தொழிற்சாலையில் வந்த பாகம்தானே. ஆகவே தகரம் அண்ணை சொன்ன வழிதான். கதவு அப்படியே இருக்கும்.

இடச்சில் முடிந்தது. கதவு இடைவெளி நான் எழுதி வைத்த அளவிலேயே நிற்கிறது. பிறேக் டிரம்களைக் கழற்றும்போது உள்ளே இருந்த தூசியை ஊதவில்லை, ஈரத் துணியால் துடைத்துப் பையில் கட்டினேன். அந்தக் காலத்துக் கட்டைகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். இரும்புக் குழாய், ரப்பர்க் குழாய், சக்கர சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாமே புதிது.

மணி அண்ணை, கேஸைப் பிளந்துவிட்டேன். முதல் பேரிங் உட்காரும் இடம் நீங்கள் சொன்னபடி அலை அலையாக இருக்கிறது. பேரிங்கின் முதுகில் ஸ்டாண்டர்ட் சைஸ். ஹெட் ஸ்டட் (சிலிண்டர் ஹெட்டைப் பிடிக்கும் தண்டு) ஒன்று கேஸில் இருந்து நூலோடு (மரையோடு) சேர்ந்து வந்துவிட்டது.

லேத்மணி | கோயம்புத்தூர்

ஸ்டாண்டர்ட் சைஸ் என்றால் நல்ல சேதி. யாரும் கை வைக்காத கேஸ், முதல் போரிங் தாராளமாகத் தாங்கும். இந்த எஞ்சின் தெரிந்த பட்டறைக்கே அனுப்புங்கள், மெயின் பேரிங் எல்லாம் ஒரே கோட்டில் வரவேண்டும். அனுப்பும்போதே எல்லா ஹெட் ஸ்டட் துளைக்கும் எஃகு நூல் புஷ் போடச் சொல்லிவிடுங்கள். ஒன்று வந்துவிட்டால் மற்றவை வரிசையில் நிற்கும். எண்ணெய் வழிகளின் அடைப்பு மூடிகளை எடுத்து உள்ளே பிரஷ் விட்டுக் கழுவச் சொல்லுங்கள். போரிங் தூள் ஒரு சிட்டிகை உள்ளே மாட்டினாலும் புதுப் பேரிங் தேய்ந்துவிடும். இந்த எஞ்சினில் எண்ணெய் ஃபில்டர் கிடையாது, ஒரு வலைதான். அதனால்தான் 5,000 கிமீக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றச் சொல்கிறார்கள்.

சேர்க்கும்போது ஹெட் நட்டைக் கையின் பலத்துக்கு முறுக்காதீர்கள். 10 மிமீ ஸ்டட் என்றால் 32 நியூட்டன் மீட்டர், 8 மிமீ என்றால் 25. குறைவாகத் தோன்றும், ஆனால் மெக்னீசியத்துக்கு அதற்குமேல் தாங்காது. ஃப்ளைவீல் நட்டு அதற்கு நேரெதிர்: 36 மிமீ சாக்கெட், 350 நியூட்டன் மீட்டர். நீளமான கம்பி போட்டு, ஃப்ளைவீல் சுற்றாமல் பூட்டு வைத்து, அளவு பார்த்து முறுக்குங்கள். அதற்கு முன்பே எண்ட் பிளே 0.10 அளவில் வந்துவிட்டதா என்று சீல் போடாமல் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மின்வண்டி | சென்னை

கதவைப் பார்த்தபிறகு என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். அந்த வண்டிக்கு அந்த எஞ்சின்தான். ஒரு சந்தேகம்: இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் இதற்கு ஆகுமா? இங்கே 20 விழுக்காடு கலந்துதான் கிடைக்கிறது.

கொம்பியக்கா | மெல்பேர்ன்

வால்வு சீட் கடினப்படுத்திய வளையம் என்பதால் ஈயமில்லாப் பெட்ரோல் பிரச்சினை இல்லை. பிரச்சினை ரப்பர்க் குழாய். துணி போர்த்திய பழைய குழாயை எத்தனால் உள்ளிருந்து அரிக்கும், வெளியே துணி நன்றாகவே தெரியும். இந்த வண்டிகள் எரிந்து போவதற்கு முக்கியக் காரணமே எஞ்சின் அறைக்குள் கசிந்த பெட்ரோல் குழாய். டாங்கிலிருந்து கார்புரேட்டர் வரை அத்தனை குழாயும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றுங்கள், ஒவ்வொரு முனையிலும் கிளிப். சோலெக்ஸ் கார்புரேட்டரின் மூடியில் அழுத்தி வைத்த பித்தளைக் குழல் ஒன்று இருக்கும், அதைக் கையால் திருகிப் பாருங்கள். ஆடினால் கழன்று விழும் நாள் தூரமில்லை. நூல் போட்டு மாற்றிவிடுங்கள். தீயணைப்பான் கேபினில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

ரூர்க்கரையான் | டோர்ட்முண்ட்

கேஸ் திரும்பி வந்துவிட்டது, எண்ட் பிளே 0.10 இல் நிற்கிறது. எஞ்சின் சேர்த்தாயிற்று. தெர்மோஸ்டாட், தடுப்புத் தகடுகள், சிலிண்டருக்குக் கீழ் வளைதகடுகள், சுற்று ரப்பர், பிளக் மூடிகள் எல்லாம் இடத்தில் இருக்கின்றன. அடுத்த சனிக்கிழமை வண்டியில் ஏற்றி முதல்முறை ஸ்டார்ட் செய்யப் போகிறேன். எதையாவது விட்டுவிட்டேனா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கொம்பியக்கா | மெல்பேர்ன்

வால்வு இடைவெளி எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்கும்போது 0.15 மிமீ. டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி 0.4 மிமீ. தீப்பொறி வரிசை 1-4-3-2. முதல் சிலிண்டர் வலப்பக்கம் வண்டியின் முன்னால் இருப்பது, மூன்றாவது அதற்கு நேர் எதிரே இடப்பக்கம்.

பிளக் நாலையும் கழற்றிவிட்டு, இக்னிஷன் சுருளின் வயரையும் எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள், எண்ணெய் விளக்கு அணையும் வரை. விட்டு விட்டுச் சுற்றுங்கள், ஸ்டார்ட்டர் சூடாகும். விளக்கு அணைந்தபின் பிளக் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். புது கேம்ஷாஃப்ட் போட்டிருந்தால் ஐட்லிங்கில் விடாதீர்கள், சுமார் 2,000 சுற்றில் இருபது நிமிடம் ஓடட்டும். யாராவது ஒருவர் பின்னால் நின்று பெட்ரோல் குழாயையும் எண்ணெய்க் கசிவையும் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். எஞ்சின் அறைக் கதவு திறந்திருக்கலாம், ஆனால் சுற்று ரப்பர் மாட்டியிருக்கவேண்டும்.

500 கிமீ ஆனதும் எண்ணெயை மாற்றி, வலையைக் கழுவி, வால்வு இடைவெளியை மறுபடி பாருங்கள். மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில் இடைவெளி ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால் வால்வு நீள்கிறது என்று அர்த்தம், ஓட்டாமல் ஹெட்டைக் கழற்றிவிடுங்கள். அதுவரை தட்டில் பாரம் ஏற்றவேண்டாம், தம்பி. மண்ணும் சிமெந்தும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும்.